ஆப்பிரிக்கக் கிராமங்களில் கோழி வளர்ப்பைப் பார்க்கப் போகிறவருக்கு

நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு நேரில் போய், அங்கே சிறு விவசாயிகள் கோழி வளர்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை, எந்த நாட்டுக்குப் போவது, யார் மூலம் போவது, எதைப் பார்ப்பது, திரும்பும்போது அந்த ஊர் இனத்தின் முட்டை கொஞ்சம் கொண்டுவர முடியுமா? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதை வரிசையாகப் பார்ப்போம்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கையில் நாட்கள் இருக்கிறதே என்று மூன்று நாடு சுற்றினால் விமான நிலையமும் விடுதியும்தான் மனதில் நிற்கும். ஒரு நாடு, அதில் ஒரு வட்டாரம், அதில் இரண்டு மூன்று கிராமம் போதும். என்னைக் கேட்டால் டான்சானியாவின் நடுப்பகுதியைச் சொல்வேன்: டொடோமாவுக்கு மேற்கே மன்யோனி, அதற்கப்புறம் சிங்கிடா. வறண்ட பூமி. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம்தான். டிசம்பர் வாக்கில் பிடித்து ஏப்ரலோடு விட்டுவிடும். சோளமும் கம்பும் விளைகிற மண். நம் மானாவாரிக் காடுகளைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த நிலம் அந்நியமாக இருக்காது. சிங்கிடாக் கோழிக்குத் தார் எஸ் சலாம் வரை நல்ல பெயர் உண்டு. தெங்கா என்கிற பின்னிய கூடைகளில் கோழிகளை அடைத்து சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்சில் ஏற்றித் தார் எஸ் சலாம் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கூடை எந்த வீட்டில் புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒருமுறை முழுதாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த ஊர்க் கோழிப் பொருளாதாரத்தில் பாதி பிடிபட்டுவிடும்.

போவது இப்போது எளிது. தார் எஸ் சலாமிலிருந்து மொரொகொரோ வழியாக டொடோமாவுக்கு 2024 முதல் புதிய மின்சார ரயில் ஓடுகிறது. மொரொகொரோவில் இறங்கி சொகொயினே வேளாண் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கிராமக் கோழி பற்றி அந்த நாட்டில் நடந்த வேலையில் பெரும்பங்கு அங்கே படித்தவர்களுடையது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போனால், கிராமத்தில் உங்களோடு வந்து மொழிபெயர்க்க ஒரு மாணவர் கிடைக்கலாம். அவருக்கு நாட்கூலி பேசிக் கொடுங்கள். ஒரு பெண் மாணவி கிடைத்தால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வரும்.

கிராமத்துக்குள் நேராக நுழைந்துவிட முடியாது, நுழையவும் கூடாது. முதலில் மாவட்டக் கால்நடை அலுவலகம், அங்கிருந்து வட்டாரக் கால்நடை அலுவலர். அவரை அஃபிசா மிஃபுகோ என்பார்கள். அவர்தான் உங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கிராமத் தலைவரிடமும் கூட்டிப்போவார். ஒரு தடித்த நோட்டு வரும். அதில் பெயர், ஊர், வந்த காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விருந்தினர் ஏட்டைச் சடங்கு என்று நினைத்து அவசரப்படாதீர்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை ஊர் பார்த்துவிடும். வயதில் மூத்தவர்களுக்கு ‘ஷிகமோ’ சொல்லுங்கள், ‘மரஹபா’ என்று பதில் வரும். எந்த வீட்டு வாசலிலும் ‘ஹோடி’ என்று குரல் கொடுத்து, ‘கரிபு’ என்ற பதில் வந்த பிறகு காலெடுத்து வையுங்கள். அலுவலர் உங்களைச் சொந்த மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனால் பெட்ரோல் செலவு உங்களுடையது. அவர் கேட்க மாட்டார். நீங்களாகக் கொடுக்க வேண்டும். நீங்கள் போவது பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் இவ்வளவு போதும். விவரம் சேகரித்து ஆய்வாக எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டு அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. எதைப் பார்ப்பது?

இங்கிருந்து போகிற பலரும் முதலில் இனத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து தீவனத்தை, அதற்கப்புறம் விலையை. நாமக்கல் பண்ணைகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரிசைதான் இயல்பாக வரும். நான் சொல்வது வேறு: முதலில் சாவைக் கணக்கெடுங்கள். அந்தக் கிராமத்தில் கோழி எதனால் சாகிறது, எந்த வயதில் சாகிறது, எந்த மாதத்தில் சாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் அவர்கள் ஏன் இந்த இனத்தை வைத்திருக்கிறார்கள், ஏன் தீவனத்துக்குப் பணம் போடுவதில்லை, ஏன் முட்டையைத் தின்னாமல் வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை தானாக வரும்.

தோராயமாக ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிராமத்துப் பெட்டை ஆண்டில் மூன்று ஈடு முட்டையிடும். ஈட்டுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 36 முட்டை. அத்தனையும் அடைக்கு வைத்தால் முப்பது குஞ்சு வரை பொரிக்கலாம். பொரிப்பதில் அந்தப் பெட்டைகளுக்கு நிகர் எந்த இயந்திரமும் இல்லை. அந்த முப்பதில் பாதிக்கு மேல் இரண்டு மாதம் தாண்டாது. பருந்து, காக்கை, கீரி, குளிர், மழை, பட்டினி. மிஞ்சுவது பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டும் தாய்க்கோழியும் வளர்ந்து விற்கிற பருவத்துக்கு வரும்போது வெள்ளைக்கழிச்சல் வந்தால், தடுப்பு மருந்து போடாத ஊரில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். மறுபடி பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு பெட்டை வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்படி எந்த ஆண்டு துடைத்துப்போகும் என்று தெரியாத ஒன்றின் மீது பணம் போட யாருக்கு மனம் வரும்? செலவில்லாமல் மேய விட்டு, வந்த வரைக்கும் லாபம் என்று இருப்பது அந்தச் சூழ்நிலையில் மிகத் தெளிவான முடிவு. அதைச் சோம்பல் என்றும் அறியாமை என்றும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்த நோய் நமக்குப் புதிதில்லை. இராணிக்கெட் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் கிடெரி என்றும் ம்டோண்டோ என்றும் சொல்கிறார்கள், மலாவியில் சிடோப்பா. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, இரண்டு மூன்று நாளில் கூண்டு காலி. மத்திய டான்சானியாவில் வறட்சி முற்றி முதல் மழை வருவதற்கு முந்தைய மாதங்களில்தான் இது அதிகம் பாயும். அடுத்த ஊரில் கோழி சாகத் தொடங்கியது என்று கேள்விப்பட்டதும் இருப்பதை விற்றுக் காசாக்கப் பார்ப்பார்கள். விற்ற கோழி நோயையும் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் ஒரு கோழிக்காரரோடு நின்று விலை பேசுவதைக் கேட்டால், நோய் எப்படிப் பரவுகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்பது புரியும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் நீங்கள் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம். நம் ஊரில் ஏழாம் நாள் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்று போடுகிறோம். அதற்குக் குளிர்சாதனம் வேண்டும், ஒரே வயதுக் குஞ்சுகள் வேண்டும். மின்சாரமே வராத கிராமத்தில், ஒரு வீட்டில் நேற்றுப் பொரித்த குஞ்சும் மூன்று வயதுச் சேவலும் ஒன்றாக மேயும்போது அந்த அட்டவணை எதற்கும் உதவாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோவும் அவர் குழுவும் வெப்பத்தைத் தாங்குகிற தடுப்பு மருந்து வகைகளைத் தேடியதில் கிடைத்தது ஐ-2 என்கிற நச்சில்லாத வைரஸ். நோய் உண்டாக்காது, எந்த வயதுப் பறவைக்கும் போடலாம், குளிர்ப்பெட்டி இல்லாமலும் சில நாள் தாங்கும். அதன் மூலவித்தை வளரும் நாடுகளின் ஆய்வகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதனால் டான்சானியா, மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகள் சொந்த நாட்டு ஆய்வகத்திலேயே அதைத் தயாரிக்க முடிந்தது. ராபின் ஆல்டர்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் மொசாம்பிக்கில் பல ஆண்டு இருந்து, மருந்தைக் கிராமத்துக்குள் கொண்டுசேர்க்கும் முறையை அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கினார். அந்த முறையின் உயிர் மருந்தில் பாதி, ஆளில் பாதி. தடுப்பூசி போடுகிறவர் அந்தக் கிராமத்துக்காரர், பல ஊர்களில் பெண். ஒவ்வொரு கோழிக்கும் சிறு தொகை வாங்கிக்கொள்வார். அந்தத் தொகையில்தான் அடுத்த முறைக்கு மருந்து வாங்குவதும் அவர் கூலியும்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஊர் முழுக்கச் சேர்ந்து போட வேண்டும். எந்தெந்த மாதம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டு, அந்த வாரம் அங்கே இருப்பது போலப் பயணத்தை வையுங்கள். வேறெதைத் தவறவிட்டாலும் அந்த விடியற்காலையைத் தவறவிடக் கூடாது.

இருட்டு விலகுவதற்கு முன்பே தொடங்கிவிடும். முதல் நாள் மாலையே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்: நாளைக் காலை கோழியைத் திறந்து விடாதீர்கள் என்று. பல வீடுகளில் கோழி இரவில் சமையல் குடிசைக்குள்ளேயே அடையும், திருட்டுக்குப் பயந்து. மருந்துப் புட்டியை ஈரத்துணியில் சுற்றி, மூடிய கூடையில் வைத்து, வெயில் படாமல் கொண்டுவருவார் அந்த அம்மா. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கோழியைப் பிடித்துக் கொடுப்பார்கள். ஒரு கையில் கோழியை அணைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண் வானத்தைப் பார்க்க வைப்பார். புட்டியை நேர் செங்குத்தாகப் பிடிப்பார். சாய்த்தால் சொட்டின் அளவு மாறிவிடும். நுனி கண்ணில் படக் கூடாது. ஒரு சொட்டு விழும். உடனே விடமாட்டார். கோழி கண்ணைச் சிமிட்டுகிற வரை பிடித்திருந்து, சிமிட்டியதும் விடுவார். சிமிட்டினால்தான் மருந்து உள்ளே போனதாக அர்த்தம். கையில் அடங்காத சேவலுக்கும் அதே ஒரு சொட்டு, உள்ளங்கையில் நிற்கிற நேற்றைய குஞ்சுக்கும் அதே ஒரு சொட்டு. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. நோட்டில் வீட்டுக்காரர் பெயர், கோழி எண்ணிக்கை, வாங்கிய காசு.

அந்த நோட்டைக் கேட்டுப் பாருங்கள். காட்டுவார். போன தடவை எத்தனை வீடு, இந்தத் தடவை எத்தனை வீடு, யார் விட்டுப்போனார்கள், ஏன் என்று அவரிடம் மெதுவாகப் பேசினால் அந்தத் திட்டத்தின் நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். சில இடங்களில் மருந்து நேரத்துக்கு வந்திருக்காது. ஏற்கெனவே நோய் உள்ளே இருந்த கோழி மருந்து போட்ட மறுநாள் செத்திருக்கும், மருந்துதான் கொன்றது என்று தெருவே மருந்து போடுவதை நிறுத்தியிருக்கும். அம்மையில் குஞ்சுகள் செத்திருக்கும், ஆனால் போட்டது வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்திலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் புறக்கடைக் கோழிகளுக்காகத் தீவனக் குருணை வடிவில் இராணிக்கெட் தடுப்பு மருந்து கொண்டுவந்திருப்பதைச் சொன்னால் அங்குள்ள அலுவலர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். போகும்போது அதைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். கற்றுக்கொள்ளப் போகிறவரிடமும் கொடுக்க ஏதாவது இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

வெள்ளைக்கழிச்சல் கட்டுக்குள் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் போய்ப் பாருங்கள். கட்டுக்குள் வந்த ஊரில் அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியும்: கோழி பெருகிவிட்டது, இரை போதவில்லை. வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிந்திய தானியம், புழு, பூச்சி, சமையல் கழிவு இவ்வளவுதான் அந்த மண் இலவசமாகத் தரும். அதற்குமேல் பறவை ஏறினால் எல்லாம் மெலியும். அப்போதுதான் மக்காச்சோளத் தவிடு போடுவது, அதிகமான சேவல்களைச் சீக்கிரம் விற்பது, குஞ்சுகளுக்கு மட்டும் தனித் தீனி வைப்பது என்ற பேச்சே எழும். சாவு குறைந்த பிறகுதான் தீவனத்துக்கு முறை வருகிறது. இந்த வரிசையை மாற்றி, தீவனமும் கூண்டும் முதலில் கொடுத்த திட்டங்களின் வெறும் கூண்டுகளையும் வழியில் பார்ப்பீர்கள்.

குஞ்சுச் சாவைத் தனியாகக் கவனியுங்கள். நம் பஞ்சாரம் போலவே கூடையைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சுகளையும் முதல் சில வாரம் காப்பாற்றுகிற வீடுகள் உண்டு, அப்படியே விட்டுவிடுகிற வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் கண்ணைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு மிளகுப்பொடி அப்பினது மாதிரி தெள்ளுப்பூச்சிகள் தோலில் தலையைப் புதைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த ஒட்டுத்தெள்ளு மிகச் சாதாரணம், சிறு குஞ்சை இரத்தம் உறிஞ்சியே கொன்றுவிடும். எண்ணெயோ கொழுப்போ தடவி மூச்சடைக்க வைத்து எடுக்கிறார்கள். புழுதித் தரையைக் கூட்டிச் சுத்தமாக வைக்கிற வீட்டில் இது குறைவு. கென்யாவில் சில பெண்கள் செய்கிற இன்னொரு வேலையும் எனக்குப் பிடிக்கும்: இரண்டு மூன்று பெட்டைகளை ஒரே நாளில் அடைக்கு வைப்பது. முதலில் அடைக்கு வந்த பெட்டைக்கு ஓரிரண்டு முட்டையை மட்டும் விட்டு உட்கார வைத்துக்கொண்டு, மற்றவையும் அடைக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் நல்ல முட்டையை ஒன்றாக வைக்கிறார்கள். குஞ்சுகள் ஒரே வயதில் இருப்பதால் தீனி, மருந்து, விற்பனை எல்லாம் ஒரே சீராக நடக்கும். நாளைக்கே உங்கள் தோட்டத்தில் செய்து பார்க்கக்கூடியது இது.

இனம் பற்றிக் கேட்பீர்கள். அந்த ஊர்க் கோழியைக் குக்கு வா கியெனியேஜி என்பார்கள். ஒரே இனம் என்று இல்லை: கழுத்தில் இறகில்லாதது, இறகு சுருண்டது, குட்டைக்கால் என்று கலந்து கிடக்கும். குச்சி என்று ஒரு வகை உண்டு. நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, சண்டைக் குணம். பார்த்ததும் உங்களுக்கு நம் பெருவிடையும் அசிலும் ஞாபகத்துக்கு வரும், அது தற்செயலும் அல்ல. இந்தியப் பெருங்கடல் வழியாக ஆசியக் கோழிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு இந்தியத் தொடர்பு புதியது. வினோத் கபூர் குர்கானில் 1990-களில் உருவாக்கிய குரோய்லர் 2010 வாக்கில் உகாண்டாவுக்குப் போய், பின் டான்சானியாவுக்கும் வந்தது. பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் எத்தியோப்பியா, நைஜீரியா, டான்சானியா மூன்று நாடுகளில் விவசாயிகள் வீட்டிலேயே பல இனங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, டான்சானியாவில் குரோய்லரும் பிரெஞ்சு இனமான சாசோவும் சோதனையில் இருந்தன. இரண்டும் ஊர்க் கோழியைவிட வேகமாக எடை போடும், அதிகம் முட்டையிடும். ஆனால் அவை பெரும்பாலும் அடைக்கு உட்காராது. ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும், தீனியும் கூடுதல். பக்கத்தில் குஞ்சு கிடைக்கிற, சந்தை கைக்கெட்டுகிற ஊரில் அது நல்ல வருமானம். தூரத்துக் கிராமத்தில் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். எத்தியோப்பியாவில் ஒரு நாள் வயதுக் குஞ்சை ஒருவர் வாங்கி, ஏழெட்டு வாரம் வளர்த்துத் தடுப்பூசியெல்லாம் போட்டுக் கிராமங்களுக்கு விற்கிறார். சாவு அதிகமான பருவத்தை அனுபவமுள்ளவர் கையில் கடத்திவிடும் இந்த ஏற்பாடு, இனத்தைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

இப்போது பெண் மொழிபெயர்ப்பாளர் விஷயம். ஆடு மாடு ஆணுடையது, கோழி பெண்ணுடையது என்று பொதுவாகச் சொல்வார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் பதில் சொல்வதெல்லாம் ஆண்கள். காலையில் திறந்து விடுவது, தண்ணீர் வைப்பது, அடை வைப்பது எல்லாம் பெண்ணும் பிள்ளைகளும் என்பதால், ஆண் சொல்லும் விவரம் பாதி ஊகம். பெண்களோடு, அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில், ஒரு பெண் மொழிபெயர்க்க, தனியாகப் பேசுங்கள். யார் வளர்க்கிறார் என்பதோடு யார் விற்கச் சொல்கிறார், காசு யார் கைக்கு வருகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று விடை வரும். ‘உங்களிடம் எத்தனை கோழி?’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அது நம் ஊரில் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி; கால்நடையை எண்ணிச் சொல்வது ஆகாது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. ‘கடைசியாக எப்போது ஒரு கோழி விற்றீர்கள், எதற்காக?’ என்று ஆரம்பியுங்கள். பள்ளிச் சீருடை, குழந்தைக்குக் காய்ச்சல், உரம், சாவு வீட்டுக்குப் போக பஸ் காசு. அந்தப் பதில்களில் கோழி என்ன வேலை செய்கிறது என்று வந்துவிடும்.

முட்டை பற்றியும் அப்படித்தான். குழந்தைகளுக்கு முட்டை கொடுங்கள் என்று சுகாதார ஊழியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தாய்க்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தின்ற முட்டை இன்றோடு போச்சு, பொரித்த முட்டை ஐந்தாறு மாதத்தில் ஒரு கோழி. குஞ்சு சாகும் ஊரில் இன்னும் அதிகமாக அடைக்கு வைக்கத்தான் தோன்றும். சாவு குறைந்தால்தான் குழந்தையின் தட்டுக்கு முட்டை வரும்.

உங்கள் வருகையால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவையும் யோசியுங்கள். விருந்தாளி வந்தால் கோழி அறுப்பது கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மரியாதை. மேற்குக் கென்யாவின் லூயா மக்களிடம் கோழியில்லாத விருந்து விருந்தே அல்ல. கோழியின் இரைப்பை வீட்டு ஆண் தலைவருக்கும் மதிப்புக்குரிய ஆண் விருந்தாளிக்கும் போகும், பெண்கள் கோழிக்கறி உண்ணக் கூடாது என்ற பழைய வழக்கமும் அங்கே இருந்தது. எட்டுக் கோழி இருக்கும் வீட்டில் உங்களுக்காக ஒன்று போனால் அது பெரிய பங்கு. முன்கூட்டியே அலுவலர் மூலம், உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் கீரையும் போதும் என்று சொல்லி வையுங்கள். அப்படியும் அறுத்துவிட்டார்கள் என்றால் மறுக்காமல் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். போகும்போது சர்க்கரை, சோப்பு, சமையல் எண்ணெய் கொண்டுபோவது வழக்கம். காசாக நீட்டாதீர்கள். உயிர்க் கோழியைப் பரிசாகக் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, ‘இது உங்கள் வீட்டிலேயே என் பெயரில் வளரட்டும்’ என்று திருப்பிக் கொடுங்கள். மனமும் நோகாது, கோழியும் ஊர் விட்டு ஊர் போகாது.

ஊர் விட்டு ஊர் போகக் கூடாது என்பது உங்கள் செருப்புக்கும் பொருந்தும். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் எச்சத்தில் ஒட்டி எளிதாகப் பயணம் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு கிராமம் மட்டும். அடுத்த கிராமத்துக்குத் துவைத்த துணி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கிருமிநாசினியில் நனைத்த செருப்பு. கோழி செத்துக்கொண்டிருக்கும் ஊருக்குக் கடைசி நாளில் போங்கள். பெரிய வணிகப் பண்ணையும் கிராமமும் ஒரே நாளில் வேண்டாம். உங்கள் தோட்டத்திலிருந்து போட்டுப்போன செருப்பை அங்கே போடாதீர்கள், அங்கே போட்டதை இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டு ஜோடி மலிவான ரப்பர் செருப்பு அங்கேயே வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

காலத்துக்கு வந்தால், ஜூன், ஜூலை நல்லது: அறுவடை முடிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், கொசுவலையில் படுங்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா வழியாகப் போய் வருவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும், இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மேற்கு ஆப்பிரிக்கா போகிற வாய்ப்பு வந்தால் புர்கினா ஃபாசோவையோ வட கானாவையோ பார்க்கலாம், பாதுகாப்பு நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு. அங்கே கினிக் கோழி வளர்ப்பு அருமையாக இருக்கும்; அதன் முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடை வைத்துப் பொரிக்கிறார்கள். குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கும் முறையை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்: பழைய பானையில் சோளத்தட்டை, காய்ந்த சாணம் போட்டு நனைத்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் காலை எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் கொட்டுகிறார்கள். காசில்லாத புரதம்.

கடைசியாக, முட்டை. கொண்டுவர முடியாது. முட்டை, குஞ்சு, இறகு, இறைச்சி எதுவும் கால்நடை இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் இந்தியாவுக்குள் வரக் கூடாது. பையில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு முட்டையோடு வருகிற நோய் உங்கள் கொட்டகையோடு நிற்காது, பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். குச்சிக்கோழி ஆசை இருந்தால் இங்கேயே நல்ல பெருவிடை வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். அங்கிருந்து கொண்டுவர வேண்டியது அந்த அம்மா வைத்திருக்கிற மாதிரி ஒரு நோட்டு: எந்தக் கோழி, எந்த மாதம், எதனால் செத்தது. திரும்பி வந்த முதல் வாரத்திலேயே உங்கள் கோழிகளுக்கும் அதை எழுத ஆரம்பியுங்கள். ஓராண்டு எழுதிய பிறகு அதில் உள்ளதை எனக்கு அனுப்பினால், உங்கள் தோட்டத்தில் முதலில் எதைச் சரிசெய்யலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.